மதனுக்கு நான் சொல்லப்போகும் பதில்

சோமனூர்
5.7.2025

மதிப்பிற்குரிய நங்கை அவர்களுக்கு,

தெய்வாத்தாள் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தம்பியும் நானும் நலம். அங்கே உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் நலம் எப்படி இருக்கிறது என்பது எனக்குப் போன வாரமே தெரிந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஆமாங்க நங்கை, சரிங்க நங்கை" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வாழ வந்த நாளிலிருந்து நாத்தனார், தம்பி மனைவி என்று நமக்குள் அப்படித்தான் பழக்கம். தாளில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. இன்னொரு சௌகரியமும் உண்டு. மதன்குமாரை ஊட்டியில் கொண்டுபோய்ப் படிக்கவைத்து, பையனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது என்று விசேஷ வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வந்த மருமகளும் அப்படித்தான். அதனால் மெல்போர்னில் உங்கள் மகன் வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் தம்பி சமாச்சாரம். ஸ்டென்ட் வைத்த பிறகு நெஞ்சு நன்றாகத்தான் வேலை செய்கிறது. உப்பைக் குறைத்தாயிற்று. காலையில் வாகராயம்பாளையம் ரோட்டில் நடந்துவிட்டு வருகிறார். ஆனால் குளியலறைக் கதவைச் சாத்த மாட்டேன் என்கிறார். நான் கடைக்குப் போனால் வாசலிலேயே நிற்கிறார். தறிக் கொட்டகைக்குள் சித்திரையில் ஒரு நாள் போனவர், எல்லாத் தறியும் சேர்ந்து ஓடுகிற சத்தத்தில் வியர்த்துப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் நெஞ்சுவலி என்று பதறிக்கொண்டு ஓடினோம். நெஞ்சில் ஒன்றுமில்லை, இது பயம், நெஞ்சுவலி வந்தவர்கள் பலருக்கும் பின்னால் இப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார்.

லோகப்பிரியா என்கிற பெண் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சைக்காலஜியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். பெரிய நோய் ஒன்று வந்துபோன வீட்டில் நோயாளியும் குடும்பமும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவாள். அவரைத் தனியாகக் கேட்பாள், என்னைத் தனியாகக் கேட்பாள், பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவாள். பயம் வரும்போது என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள். நல்ல பெண்.

அவளைத்தான் நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னீர்கள். "எவளோ ஒருத்தி ஊட்டுக்குள்ள வந்து நோண்டி நோண்டிக் கேக்கறா, நீயும் உக்காந்து சொல்லிட்டிருக்கற. நம்ம குடும்பத்துல பைத்தியம் புடிச்சவங்க ஆருமில்ல. ஆடி பொறந்ததும் நான் வாரேன். தம்பியப் பல்லடத்துக்குக் கூட்டிப் போய்ப் பண்ணையில வெச்சுக்கறேன். நாலு நாள் காத்தாட இருந்தா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றீர்கள். வழக்கம்போல நான் சரிங்க நங்கை என்றேன்.

உங்களுக்கு அந்த உரிமை இல்லையென்று நான் சொல்ல முடியாது. எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தபோது என் கூறைப் புடவையின் ஒரு முனை உங்கள் தம்பி கையிலும் மறுமுனை உங்கள் கையிலும் இருந்தது. அதன் பிறகுதான் அது எனக்குக் கட்டக் கிடைத்தது. அந்த முனையை நீங்கள் இன்றுவரை விடவில்லை.

ஆனால் பல்லடம் பண்ணை என்ற பேச்சைக் கேட்டதும் உங்கள் தம்பி தட்டில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். லோகப்பிரியாவுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு கேள்வி கேட்டாள். இதற்கு முன்னால் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படிப் பயமும் படபடப்பும் வந்ததுண்டா என்று. உங்கள் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்கூட்டுல ஆருக்குமில்லீங் அம்மணி" என்றார். நான் காபி கொண்டு வந்தவள், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவர் காதுபட முழுதாகச் சொன்னேன்.

எனக்குப் பையன் பிறந்து பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். அன்று மதியம் நான் கண்ணயர்ந்திருந்தேன், பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அழுதானா, அழவில்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தறிச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை விறைத்துப்போகும், மூச்சு மேலே வராது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். நான் செய்த பைத்தியக்காரத்தனம் அது ஒன்றுதான். யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. தறியை நிறுத்தினேன்.

நீங்கள் வந்தீர்கள். பார்த்தீர்கள். "வேலைக்கு வளையாம நடிக்கறா" என்று உங்கள் தம்பியிடம் சொன்னீர்கள். காரில் ஏற்றிப் பல்லடத்துக்குக் கொண்டுபோய், கோழித் தீவனம் வைக்கிற கிடங்குக்குப் பக்கத்து அறையில் விட்டு வெளியே தாழ் போட்டீர்கள். தீபாவளி முடியும்வரை அங்கேதான் இருந்தேன். உங்கள் தம்பி வாரம் ஒருமுறை வருவார், ஜன்னல் வழியாகப் பார்ப்பார், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற முகத்தோடு திரும்பிப் போவார்.

அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைப் பெற்ற அய்யன் காங்கேயத்திலிருந்து பஸ் மாறி மாறி என்னைப் பார்க்க வந்தாரே, அந்த நாளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் தலைக்குத் தேய்க்கச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் ஒரு தூக்குப்போசி நிறையக் கொண்டுவந்திருந்தார். நீங்கள் அவரை வாசலிலேயே நிறுத்தினீர்கள். "உங்க புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா நடிக்குதுங்க. நீங்க பாத்துப் பேசுனீங்கன்னா நடிப்பு இன்னுங் கொஞ்சம் ஏறிக்கும். செல்லங்குடுத்து வளத்திப்போட்டீங்க, நாங்க அனுபவிக்கறோம்" என்றீர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கூப்பிட்டேன். அதற்குள் தீவனம் அரைக்கிற மெஷினை ஓட்டிவிட்டார்கள், அவர் காதில் விழவில்லை. சம்பந்தி வீட்டில் எதிர்த்துப் பேசத் தெரியாத மனுசன். போசியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். தை பிறப்பதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகள் வேலைக்குப் பயந்து நடித்தவள் என்று நினைத்துக்கொண்டே செத்தார்.

நான் சொல்லி முடிக்கிறவரை லோகப்பிரியா பேனாவைத் தொடவில்லை. உங்கள் தம்பி தலையைத் தூக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்களுக்கு அப்ப இருந்ததும் இதேதாங்கம்மா" என்றாள். அதைச் சொல்ல இருபத்தெட்டு வருடம் கழித்து யாரோ பெற்ற ஒரு பெண் வரவேண்டியிருந்தது.

உங்கள் தம்பியை நான் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படபடப்பு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெதுவாக விடவைப்பேன். எல்லாம் அடங்கியதும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். "பயப்படாதீங்க மாமா, நடிக்கறீங்கன்னு உங்கள ஆரும் சொல்ல மாட்டாங்க." அவ்வளவுதான். ஒரு நாள் கண்ணில் தண்ணீரோடு, "அத மட்டும் சொல்லாத தெய்வா, உன்னக் கும்புட்டுக்கறேன்" என்றார். சரிங்க என்றேன். அடுத்த தடவையும் சொன்னேன். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தான் பார்த்த வீடுகளிலேயே நன்றாக ஒத்துப்போய்ச் சமாளிக்கிற வீடு எங்கள் வீடுதான் என்று லோகப்பிரியா சொல்கிறாள். அவள் படிப்புக்கு நல்லது நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

அவரைப் பல்லடத்துக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன் நங்கை, மறைக்க மாட்டேன். அதே அறையில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வாசலில் நின்று "நடிக்காதடா" என்று சொல்வதை அவரும் கேட்கட்டும் என்று ஆசையாக இருந்தது. துணிமணியைக்கூடப் பையில் எடுத்து வைத்தேன். அப்போதுதான் மதன்குமார் போன் செய்தான்.

அவன் என்னிடம் பேசியது உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். "அத்தை, உங்ககிட்ட மட்டும் கேக்கறேனுங்க. அம்மா வெளிய வர மாட்டேங்கறாங்க. ஜன்னல் எல்லாஞ் சாத்தி இருந்தா மூச்சு முட்டுதுங்கறாங்க, தெறந்தா பயமா இருக்குதுங்கறாங்க. லிப்ட்ல ஏறச் சொன்னா என் கையப் புடிச்சு நசுக்கறாங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ஆபீசுக்குப் போன் மேல போன். ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணுமே இல்ல. ஊருக்குப் போறதுக்காக அம்மா நடிக்கறாங்கன்னு அவ சொல்றா. எனக்கும் அப்படித்தான் தோணுது. நீங்கதான் அம்மாவோட இத்தன வருசம் பழகுனவங்க. அம்மா நடிப்பாங்களா அத்தை? நீங்க சொன்னா நான் நம்பறேன்" என்றான்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆடியில் வருகிறேன் என்றீர்களே, அதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனில் நீங்கள் ஏன் பேச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குகிறீர்கள் என்பதும் விளங்கியது. டிக்கெட்டை மதன் இன்னும் போடவில்லை. நடிப்புக்கு இடம் கொடுத்தால் வளர்ந்துகொண்டே போகும், கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மருமகள் சொல்கிறாளாம். நான் என்ன சொல்கிறேனோ அதுபடி முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.

நான் போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தது நங்கை. என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷம் நான் கண்டதில்லை. பையில் வைத்த துணியையெல்லாம் திரும்ப பீரோவில் அடுக்கினேன். உங்கள் தம்பி எங்கேயும் போகவேண்டாம்.

யாருக்கு என்று சொல்லாமல் லோகப்பிரியாவிடம் கேட்டுப் பார்த்தேன். இப்படி இருக்கிறவரை நடிக்கிறாய் என்று வீட்டிலிருப்பவர்கள் சொன்னால் என்ன ஆகும் என்று. இன்னும் கூடும், பிறகு சொல்வதை நிறுத்திவிடுவார்கள், உள்ளேயே இருக்கும் என்றாள். வெளிநாட்டில் தனியாக இருக்கிற வயதானவர் என்றால் இன்னும் சிரமம், ஆனால் கவனித்தால் சரிசெய்யலாம் என்றும் சொன்னாள். கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உலகத்தில் அது நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். மதனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்றேன் கண்ணு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று லோகப்பிரியாவைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தம்பியும் இருப்பார். மதியம் நீங்கள் இங்கே போன் செய்யவேண்டும். நான் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்பேன். தெய்வாத்தாள் அன்றைக்கு நடிக்கவில்லை, நான் தெரிந்தேதான் அவள் அய்யனிடம் பொய் சொன்னேன் என்று நீங்கள் சொல்லவேண்டும். உங்கள் தம்பி காதில் விழும்படி சொல்லவேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள் நங்கை. கேட்டால் நான் கொடுக்கவேண்டி வரும், என்னிடம் அது இல்லை.

நீங்கள் சொல்லி முடித்த அடுத்த நிமிடம் மதனைக் கூப்பிட்டு, உன் அம்மாவுக்கு வந்திருப்பது நிஜம், டாக்டரைப் பார், டிக்கெட் போடு என்று சொல்லிவிடுவேன். மூச்சை எப்படி விடவேண்டும் என்பதையும் உங்களுக்குச் சொல்லித்தருகிறேன். உங்கள் தம்பிக்கு அது நன்றாகக் கேட்கிறது. இந்தக் கடிதத்தில் அதை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன் வரவில்லையென்றால் அன்று மாலையே மதனிடம் பேசுவேன். என் அய்யனிடம் வாசலில் நின்று நீங்கள் என்ன சொன்னீர்களோ, ஒரு எழுத்து மாற்றாமல் அதையே அவனிடம் சொல்வேன். அந்த வார்த்தைகள் எனக்கு மறக்கவில்லை என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு நின்றுவிடும் போலிருக்கும், நிற்காது. உயிர் போய்விடும் போலிருக்கும், போகாது. நானே சாட்சி. நீங்கள் தீர்க்காயுசாக இருக்கவேண்டும் என்று குலதெய்வத்துக்குத் தினமும் விளக்குப் போட்டு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
தெய்வாத்தாள்