அப்பாவின் இருமல் நின்றது எப்படி

அக்கா,

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவருடைய துணி எடுக்க வந்தேன். மேசையில் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

"இருமலை அடக்குற மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க வீட்ல யாரும் கொடுக்கல" என்று அடித்துச் சொன்னேன். மூச்சுக்குழாயில் சளிதான் கிருமியைப் பிடித்து வைக்குமாம். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அதை மேலே தள்ளுமாம், இருமல் வெளியே தள்ளுமாம். இருமலை அடக்கினால் எல்லாம் உள்ளேயே தங்கிவிடுமாம்.

இப்போதுதான் உன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் அந்த மருந்து பாட்டிலைப் பார்த்தேன். பாதி காலி. வீட்டிலிருந்து ஆபீஸ் போன் பேச அப்பாவின் இருமல் இடைஞ்சல் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே! இருமல் நின்ற அன்று, நீ கொடுத்த கஷாயம்தான் கேட்டது என்று நம்பி, "எல்லாம் உன் கைராசிதான்க்கா" என்று உன்னைக் கட்டிக்கொண்டேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாட்டிலை டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகிறேன்.

நீ வெளியே கிளம்பினால் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிடு.

இதையும் தெரிந்துகொள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் கிளம்பும்போது அப்பா மறுபடி இருமத் தொடங்கியிருந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "பெரியவ போன்ல இருக்காளா?" என்று கேட்டார்.