செவ்வாய்ச் சுரங்கத்தின் தலைவன்

அன்பு நண்பருக்கு,

நேற்று ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் உங்கள் வீட்டம்மா என் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது, பிரித்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அதில் வரும் செவ்வாய்க் கிரகச் சுரங்கத் தலைவன் நீங்கள்தான் என்று யாரோ மூட்டிவிட்டதில், எட்டு மாதமாக நீங்கள் என்னோடு பேசவில்லையே.

பிரித்தால் ஓரமெல்லாம் உங்கள் பென்சில். "இன்னா வாத்தியாரே, இது நானாம். நான் கை காட்டினா ஆயிரம் பேரும் இரும்புக் கூண்டு கேஜுல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்கிடுவாங்களா? முப்பது வருசம் இங்க சுரங்கத்துல யூனியன் தலைவரா இருந்தேன், எவன் என் பேச்சைக் கேட்டான்? கேஜுக்கு மணி அடிக்கிற ஆள் ஒத்துக்கலன்னா மேனேஜரே எறங்க முடியாது."

படித்து வாய்விட்டுச் சிரித்தேன். உங்கள் கோபம் கதையின்மேல்தான், என்மேல் இல்லை. வகுப்பில் நான் "உட்காருங்கள்" என்றால்கூட ஐந்து பேர் நின்றுகொண்டே இருப்பார்கள். அதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

இன்று காலையே மாற்றினேன். தலைவன் இப்போது மணி அடிப்பவளிடம் போய், கேஜை இறக்கச் சொல்லிக் கேட்கிறான். "முதல்ல நீ ஏறு" என்கிறாள். அவன் ஏறுகிறான். பின்னால் மூன்று பேர்தான் ஏறுகிறார்கள். அந்த மூன்று பேரை என்னால் நம்ப முடிகிறது.

அடுத்த அத்தியாயத்தில் அவன் யூனியன் தேர்தலில் தோற்கிறான். எத்தனை ஓட்டில் என்று அனுபவப்பட்ட நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளை சாயங்காலம் கேட்க வருகிறேன்.

உங்கள்
வாத்தியார்