கொல்லைப்புறத்தில் நீ கேட்ட கேள்வி

என் நெஞ்சுரத்தின் ஊற்றே, அன்பு அக்கா,

செல்வி நேற்று வீடு திரும்பிவிட்டாள். அடுத்த வீட்டில் ஊதுபத்தி உருட்டும் அதே செல்விதான். மாதவிலக்கு தோறும் அவளைத் துடிக்க வைத்த சூலகத்துக் கட்டியை மருத்துவமனையில் முழுதாக எடுத்துவிட்டார்கள். அதில் புற்று தொடங்கியிருந்தது, பரவவில்லை. இதை முதலில் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன்னை வாட்டியதும் இதே நோய்தானே! கருப்பையின் உட்படலம் போன்றதொன்று சூலகத்திலும் படர்ந்து, மாதந்தோறும் உன்னைச் சுருட்டிப் போட்டது. "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள், நாம் முன்பிருந்த கொள்ளேகாலில். மைசூருக்கு வந்தும் அதே பேச்சு. அந்நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் என மருத்துவர் சொன்ன அன்றே, புற்று முற்றிப் பரவியிருப்பதையும் சொன்னார்.

அன்று நீ அழுதாயா? நான் அறியேன். நான் கண்டது உன் துணிவை. மாதவிலக்கான பெண்களைக் கொல்லைப்புறத்தில் ஒதுக்கும் நம் தெரு வழக்கத்தை நான் மேடைதோறும் சாடினேன். நீயோ, உடல் இடம் கொடுத்த நாட்களிலெல்லாம் அந்தக் கொல்லைப்புறத்துக்கே போனாய். ஒதுங்கியிருந்தவளின் அருகில் அமர்ந்து, "எப்படி வலிக்குது கண்ணு? எந்திரிக்க முடியுதா?" என்று கேட்டாய்.

செல்வியின் மாமியார் உன்னை மறித்ததை மறப்பேனா?

"தீட்டு ஒட்டிக்கும், தூரப் போ புள்ள!"

"ஒட்டட்டுங்க அத்தை. எனக்கு வந்திருக்கறதுக்கு முன்னால உங்க தீட்டு எம்மாத்திரம்? வழி விடுங்க."

நீ மறைந்த பின், அந்த அம்மையாரே செல்வியைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனார், அக்கா! "சும்மா மாத்திரை குடுத்து அனுப்பாதீங்க டாக்டர். வயித்தைப் பாருங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

இந்நோய் கொண்ட எல்லோருக்கும் புற்று வராது, மிகச் சிலருக்கே வரும் என்றார் மருத்துவர். அப்படி வந்தாலும், வலியை மதித்துக் காலத்தில் வந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு பெரிதாம். உன் வலியை அன்றே யார் மதித்தார்கள்?

வரும் ஞாயிறு எனக்குக் கூட்டம். "தாய்க்குலமே" என்று வாழ்த்திவிட்டு இறங்கிவிட மாட்டேன். மாதவிலக்கு, கருப்பை, சூலகம் என்று ஒலிபெருக்கி அதிரச் சொல்வேன். முன்வரிசை முகம் சுளித்தால் இன்னும் உரக்கச் சொல்வேன். மேடையை விட்டு இறங்கியதும் கொல்லைப்புறங்களுக்குப் போவேன். அங்கே முழங்க மாட்டேன், அருகில் அமர்ந்து உன்னைப் போலவே கேட்பேன். இது உறுதி.

உன் பின் பிறந்ததால் தலைநிமிர்ந்து நிற்கும்
உன் தங்கை,
தமிழரசி