தெலுக் பஹாங் காய்ச்சல்

நீ கூசாமல் பொய் சொல்கிறவன். ஆதாரம் இன்று காலை என் பையின் ஓரத்திலிருந்து விழுந்தது. உன் பெயரில் ஒரு எம்.சி., மருத்துவ விடுப்புச் சீட்டு: வயிற்றுப்போக்கு, ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளில் நீ காட்டு மேட்டில் ஏறி இறங்கி, பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் மூன்று பொட்டலம் நாசி லெமாக் தின்றாய்.

தெலுக் பஹாங் தேசியப் பூங்காவின் வாசலில் நின்றுதான் அதைப் படித்தேன். இந்த முறை முறையான விடுப்பில் வந்திருக்கிறேன். நீ செத்த பிறகு சூப்பர்வைசருக்கு மனசு இளகிவிட்டது, கேட்டதும் கையெழுத்துப் போட்டார். நாம் இருவரும் கேட்டபோதெல்லாம், "ஆர்டர் நெறைய இருக்குலா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொன்ன அதே மனிதர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் அடுத்த மாதம் வருவதே இல்லை. அதனால்தான் நாம் எம்.சி. எடுக்கப் பழகினோம்.

"இன்னிக்கு என்ன தம்பி?" என்பார் கிளினிக் அக்கா.

"தல சுத்துதுக்கா. நிக்க முடியல." சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். சீட்டு கைக்கு வந்ததும் இங்கே மோட்டார் சைக்கிளை ஓட்டி வருவது நீதான். அந்த நோய்க்கு 'தெலுக் பஹாங் காய்ச்சல்' என்று பெயர் வைத்ததும் நீதான்.

ஏற்றத்தின் பாதியில் ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்ததே, நினைவிருக்கிறதா? பாதையை மறித்த துண்டை மட்டும் அறுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருந்தார்கள். அதன்மேல் காளானும் எறும்பும் குடியேறியிருந்தன. நீ ஏறி உட்கார்ந்து, "பாத்தியா, விழுந்து கெடக்கு. ஏன் விழுந்தேன்னு யாரும் கேக்கல. நாம டாய்லட்ல பத்து நிமிஷம் இருந்தா தேடி வந்துடுறானுங்க" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இன்று அந்த மரம் பாதி மண்ணாகியிருக்கிறது. உட்கார்ந்தால் உள்வாங்குகிறது. எதையும் பறிக்காதே, எதையும் தொந்தரவு செய்யாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு பெரணிச் செடிக்கு இருக்கும் பாதுகாப்பைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. இந்தக் காட்டின் மேல் கோபப்படுவது முட்டாள்தனம் என்று தெரியும். என் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்கின் மேலும் கோபப்பட்டேன்.

அந்த வருடத்துக்கு அனுமதித்த எம்.சி. முழுவதையும் நீ இங்கேதான் தீர்த்தாய். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மடித்து விசிறிக்கொண்டே, "இனிமே உண்மையா சீக்கு வந்தாலும் வேலைக்குத்தான் போவணும்" என்றாய். அதற்கும் சிரித்தோம்.

அப்புறம் அந்தக் காலை. தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ நெஞ்சைத் தடவினாய். "ஒரு மாதிரி அடைக்குதுடா."

"காய்ச்சல் வந்துருச்சா? எம்.சி.தான் முடிஞ்சுபோச்சே, வேற நடிப்பு பாரு" என்றேன். நீ சிரித்தாய். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு மெஷின் பக்கத்தில் சரிந்தாய்.

கருமாதி அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எங்கிட்டதான் மறைச்சிட்டான். நெஞ்சு வலிக்குதுன்னு உங்கிட்டயாச்சும் ஏதும் சொன்னானாய்யா?"

"இல்லம்மா" என்றேன். உன்னோடு சேர்ந்து பழகியதுதான், கூசவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. பசாரில் அவரைத் தூரத்தில் பார்த்தாலும் வேறு சந்துக்குள் திரும்பிவிடுகிறேன். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடத் துணிவு வேண்டித்தான் இன்று இத்தனை தூரம் ஏறி வந்தேன். என்னவென்று சொல்வது? உங்கள் பிள்ளை சொன்னான், நான் கேலி செய்தேன் என்றா?

எத்தனையோ வியாதியை அவ்வளவு தத்ரூபமாக நடித்தவன் நீ. உண்மையான ஒன்றை மட்டும் ஏன் அவ்வளவு மோசமாகச் சொன்னாய்? நான் கேலி செய்தேன், சரி. அது என் குற்றம். நீ எதற்குடா சிரித்தாய்? "டேய், இது நெசம்" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாமே. எதற்குச் சிரித்தாய்? சொல்லு.