செல்வத்தின் குரல் இல்லாத ஆட்டம்

ஞாயிறு இரவு, கோத்தகிரி.

இன்றைய கால்பந்து ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினேன். எங்கள் மைதானத்தில் பனிமூட்டம் இறங்கினால் கோல்கீப்பரான எனக்கு எதுவும் தெரியாது. பந்து வரும் பக்கத்தை டிஃபென்ஸில் நிற்கும் செல்வம்தான் கத்திச் சொல்வான். காட்டெருமை முட்டி இடுப்பு உடைந்து அவன் வீட்டில் கிடக்கிறான். அது தெரிந்தும், பின்னால் அவன் நிற்கிற நினைப்பில் எல்லோரும் எதிரணி கோல் பக்கம் ஏறிவிட்டார்கள். நானும் அவன் குரலுக்காகக் காத்து நின்றேன்.

மாலை அவனைப் பார்க்கப் போனேன். "அடுத்த மேட்சுக்கு வந்தர்றனுங்கண்ணா" என்றான்.

வாசலில் அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள். "இனி வெளையாடவே முடியாதுன்னு டாக்டர் சொல்லீட்டாருங்க. அவருகிட்ட இன்னும் சொல்லலீங்க."

வெளியே ஒன்றும் தெரியாத பனி. உள்ளேயிருந்து அவன் கத்தினான். "படி வழுக்கும், எடது பக்கமாப் போங்கண்ணா."

அந்தப் பக்கமே இறங்கினேன்.