சிவப்புக் கயிறு கட்டிய ஏழு மெஷின்கள்

குட்டிமா,

பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மாரியம்மன் திருவிழாவில் மிஞ்சிய சிவப்புக் கயிற்று உருண்டை அப்படியே இருக்கிறது. நீ வெட்டிய முனைகூடப் பிரியவில்லை. பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

எஸ்டேட் ஆபிசில் உனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்தெடுக்க வந்தவள் நான். சமையல்கட்டில் உட்கார்ந்து நீதான் சொன்னாய்: "கெர்னல்னா மெஷினுக்கு அடி வேர் மாதிரிம்மா. அதுல ஓட்டை இருந்தா அடைக்கிறதுக்கு ஒரு ஒட்டு அனுப்புவாங்க. ஆபிஸ் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, ஃபேக்டரிக்கு ஒண்ணு, கொழுந்து நிறுக்கிற கைமெஷினுக்கு ஒண்ணு. மாத்திப் போட்டா மெஷின் செத்துடும்."

"வயசான செடிக்கு அடிக்கிற மருந்தை இளஞ்செடிக்கு அடிச்சா கருகிடுமே, அப்படியா?"

"அதேதான்லா! ஆபிஸ்ல ஒருத்தருக்கும் விளங்கல, உனக்கு விளங்குது பாரு." என் கன்னத்தைக் கிள்ளினாய்.

கைமெஷினில் பழையது ஏழு. புதியதற்கு வரும் ஒட்டு அதற்கு ஆகாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நம்பரெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. நீ ஒட்டிய ஸ்டிக்கர் மழையில் இரண்டே நாளில் உரிந்தது. அப்புறம்தான் கயிறு கேட்டாய். ஏழுக்கும் நான்தான் முடிச்சுப் போட்டேன். 'கயிறு இருந்தால் புது ஒட்டு போடாதே' என்று ஆபிஸ் சுவரிலும் எழுதி ஒட்டினாய்.

ரிங்லெட் ரோட்டு வளைவில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. உன் கருமாதி முடிந்த வாரமே, வெளியாட்கள் பார்க்க வருகிறார்கள் என்று எஸ்டேட்டை நடத்தும் துரை ஆபிசைச் சுத்தம் பண்ணச் சொன்னார். "இது என்ன கோயிலா? அந்தச் சாமி கயிறெல்லாம் வெட்டிப் போடு." ஆபிசில் கணக்கெழுதும் கிராணி வெட்டினார். சுவரில் இருந்ததையும் கிழித்தார். மறுநாள் எல்லாக் கைமெஷினுக்கும் ஒரே ஒட்டைப் போட்டார்கள். பழைய ஏழும் திரை கறுத்துச் செத்துப்போனது.

நாங்கள் கொழுந்தெடுக்கும் மலைக்கு வந்தது அதில் ஒன்று. நிறுக்க வழியில்லாமல் கொழுந்து மூட்டைக்குள்ளேயே வெந்து சிவந்தது. பக்கத்தில் நாங்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றோம்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அத்தனை பேர் முன்னால் துரை சொல்கிறார்: "முன்னாடி இருந்த பொண்ணு வேலையை ஒழுங்கா பண்ணாம போயிருக்கு."

போயிருக்காம்! நீ வேலையை விட்டுவிட்டா போனாய்? கூடையோடு முன்வரிசையில் நிற்கிறேன் நான், உன்னைப் பெற்றவள். எதிர்த்துக் கேட்காமல் கொழுந்தெடுக்கப் போனேன். அதற்கு என்னையே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கிராணி வீட்டுக்கு வந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, மெஷின் ரிப்பேராகி வந்துருச்சு. எல்லாம் கலந்து கிடக்கு. நாளைக்குப் புது ஒட்டு. பழசு எதுன்னு உங்களுக்குத் தெரியும்னாங்க. கயிறு கட்டிக் கொடுங்கலா."

தெரியும். தொட்டுப் பார்த்தால் பழையதில் கயிறு கோக்கும் காது உருண்டை, புதியதில் சப்பை. கட்டிய விரலுக்கு மறக்குமா?

"தப்பு என் மக மேல இல்லைன்னு துரை பெரட்டுல சொல்லட்டும். அப்புறம் கட்டுறேன்."

"அவர் எப்படிக்கா சொல்வாரு?"

"ஏன், பழி சொன்ன அதே வாய்தானே?"

டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

கயிற்றை ஏழாக வெட்டி மடியில் வைத்திருக்கிறேன். கட்டிவிட்டால் உன் மேல் போட்ட பழி அப்படியே நிற்கும். கட்டாவிட்டால் மறுபடி மழையில் நிற்கப்போவது துரை இல்லை, என்னோடு கொழுந்தெடுக்கிறவர்கள். நீயாக இருந்தால் யார்மேல் கோபம் என்றாலும் ஒரு மெஷினைச் சாகவிட்டிருக்க மாட்டாய். எனக்கு உன் மனசு இல்லையே.

சொல்லு குட்டிமா, கட்டட்டுமா?