கூடு இல்லை என்று எழுதினோம்

மச்சான்,

நேற்று ஏரி விஷயமாகப் போன அலுவலகத்தில், மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை என் முன்னால் தள்ளினார்கள். உன் கையெழுத்து. ‘இ’யின் சுழியை வயிறு பெருத்த மாதிரி போடுவாயே, அதேதான். “கூடு: இல்லை. குஞ்சு: இல்லை.” நீ செத்துப் போய் எட்டு மாதம் ஆகிறது. உன் எழுத்து எனக்கு எதிராக வந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

நம் ஏரிக்கரையை அகலப்படுத்தி நடைபாதை போடப் போகிறார்கள். அல்லி படர்ந்த வடக்கு மூலையில் மண் கொட்டினால்தான் பாதை நேராக வருமாம். அங்கே அல்லி இலைமேல் இலைக்கோழி முட்டையிடுகிறது, கொட்டாதீர்கள் என்று நம் பறவைக் குழுவின் சார்பில் சொல்லத்தான் போனேன். “ஆறு வருஷமா கூடே இல்லைன்னு உங்க குழுதானே சார் எழுதிக் குடுத்திருக்கு” என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் தடவை நாம் உண்மையைத்தான் எழுதினோம். அந்த மூலையில் கூட்டை முதலில் பார்த்தவன் நீ. சேவல் அடைகாத்துக் கொண்டிருந்தது. “பொட்ட முட்டைய போட்டுட்டு போய்க்கினே கீது, இவன் பாவம் குந்திகினு கீறான் பாரு” என்று சிரித்தாய். கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாத, அரசாங்க குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் என்று என்னைக் கிண்டல் செய்வாயே, அந்த ரோஷத்தில் அன்று சாயங்காலமே இணையத்தில் எல்லோரும் பார்க்கிற உலகப் பறவைப் பட்டியலில் நான் அதை ஏற்றினேன். வரைபடத்தில் மிகச் சரியான இடத்தில் புள்ளி வைத்தேன். பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது தொடையளவுத் தண்ணீரில் கேமராவோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இலை புரண்டு முட்டைகள் தண்ணீருக்குள் போயிருந்தன. சேக்காட்டில் உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாய். “இனிமே கீதுன்னு எழுதாத மச்சான். இல்லன்னு போட்டா எவனும் வரமாட்டான்.” நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு பட்டியலுக்கும் அலுவலகத்துக்கும் போன எல்லாக் கணக்கெடுப்புத் தாளிலும் நீ எழுதினாய், கீழே நான் கையெழுத்துப் போட்டேன். கூட்டின் இடத்தை மட்டும் மறைத்து வைக்க வழி உண்டு என்று அந்தப் பட்டியலை நடத்தும் அமைப்பின் ஆட்கள் ஒரு பயிற்சியில் சொன்னபோது நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் பொய் நமக்குப் பழகிப் போயிருந்தது. அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

உன்மேல் கோபமாக வருகிறது. இல்லாதவனிடம் சண்டை போட முடியாது என்பது அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

நேற்று அந்த மேசையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றேதான் இல்லை என்று எழுதினோம், முட்டைகளைக் காப்பாற்ற எழுதினோம் என்றேன். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “அப்ப, இப்போ இருக்குன்னு நீங்க சொல்றத மட்டும் எப்படி சார் நம்புறது?” வெளியே வந்ததும் பட்டியலை வைத்திருக்கும் அமைப்புக்கும் போன் செய்தேன். அங்கே போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம் ஆறு வருஷப் பதிவு முழுவதையும் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றாள். நெமிலிச்சேரிப் பக்கம் காய்ச்சலோடு வந்து நீ எண்ணிய வாத்துகளும் அதில் போய்விடும். நீ எண்ணியதில் மற்றதெல்லாம் நிஜம் என்று சொன்னேன். எது நிஜம் என்று தங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இன்று காலை போய்க் கரையிலிருந்தே தொலைநோக்கியில் பார்த்தேன். அதே மூலையில் சேவல் அடையில் இருக்கிறது. அது எழுந்தபோது எண்ணினேன், நான்கு முட்டை. மண் லாரிகள் திங்கட்கிழமை வருகின்றன. அதற்குள் முட்டைகளைப் படம் எடுத்து, இடத்தின் அளவுகளோடு கொடுத்தால் நிறுத்திப் பார்க்கிறேன் என்றிருக்கிறார் அதிகாரி. அந்தக் காகிதம் எத்தனை கைக்குப் போகும், எந்த வாட்ஸாப்பில் ஏறும் என்று எனக்குத் தெரியாது. கொடுக்காவிட்டால் மண் விழும், அது நிச்சயமாகத் தெரியும்.

நாளைக் காலையில் தண்ணீரில் இறங்கப் போகிறேன் மச்சான், கேமராவோடு. நீ இருந்தால் என் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாய். உன்னிடம் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.